ஆறின டீயின் செவ்வாய்க்கிழமைப் பக்கம்

— இன்னும் கிளம்பலையா நீங்க? மணி பத்தாகப் போகுது.

— ஏன்... உனக்குத் தெரியாதா?

— எனக்கெப்படிங்க தெரியும்? நான் என்ன உங்க ஆபீஸ் வாட்ச்மேனா?

— இல்ல... நெஜமாவே தெரியாதா?

— காலங்காத்தால என்ன விடுகதை? சொல்றதுன்னா சொல்லுங்க.

— ஏசி... ஆபீஸ்ல ஏசி ரிப்பேர். எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க.

— லிஃப்ட் கம்பெனி புகார் பிரிவுல ஏசி ஓடலன்னா போன் எடுக்கக் கூடாதா? லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் யார்கிட்டங்க போய்ப் புலம்புவான்?

— எப்பவும் போல சுவத்துகிட்டதான். நான் மட்டும் போன் எடுத்து என்ன கையப் புடிச்சு வெளிய இழுத்தா விடுறேன்? அத விடு. நீ ஏன் இன்னும் நைட்டியோட நிக்கிற? மூக்குக் கண்ணாடிக் கடைய நீ போய்த்தானே தொறக்கணும்?

— கடைல... பெயின்ட் அடிக்கிறாங்க.

— போன வருஷம்தானே அடிச்சாங்க?

— அது வெளியங்க. இது உள்ள.

— என்ன கலரு?

— வெள்ளை.

— இருக்குறதே வெள்ளைதானே?

— பழைய வெள்ளைங்க அது! புகார் பிரிவுன்னா வீட்டுலயும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கணுமா? டீய எடுத்துக் குடிங்க, ஆறுது.

— ஆறட்டும். நீ அந்தப் போனக் கீழ வை. விடிஞ்சதுலேர்ந்து தடவிக்கிட்டே இருக்க.

— தடவலங்க, தட்டிக்குடுத்துட்டு இருக்கேன். இன்னைக்கு மூணு இன்னும் முடியல.

— இந்த மூணு கணக்குதான் எனக்குப் புரிய மாட்டேங்குது.

— எத்தன தடவ சொல்றது? நம்ம 'தினம் ஒரு பக்கம்' எழுத்துக் குழுவுல ஒருத்தரு தன் பக்கத்தப் போடணும்னா, மொதல்ல வேற மூணு பேரு பக்கத்துக்குப் பாராட்டு எழுதணும். மூணு பேர் முதுகுல தட்டுனாத்தான் உங்களுக்குக் கதவு தெறக்கும். இல்லன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

— நல்லா இல்லன்னா?

— எது?

— பக்கம். நல்லா இல்லன்னா 'நல்லா இல்ல'ன்னு சொல்லலாமா?

— சொன்னா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவேன். அதுதாங்க மொத விதி. குறை சொல்ல ஊருல ஆளா இல்ல? எழுதுறவங்க பாவங்க. வீட்டுல 'என்னத்தக் கிறுக்குற'ம்பாங்க, ஆபீஸ்ல 'வேலையப் பாரு'ம்பாங்க. ஒரு எடத்துலயாவது நாலு நல்ல வார்த்த காதுல விழட்டும்னுதான் இத ஆரம்பிச்சேன்.

— நல்ல எண்ணந்தான்.

— என்ன, கிண்டலா?

— சத்தியமா இல்ல. சரி, உன் குழுவுல அந்த ரிட்டயர்ட் வாத்தியார் இன்னும் முழங்கால் வலியத்தான் எழுதுறாரா?

— நேத்து இடுப்புக்கு ஏறிட்டாரு.

— அதுக்கு என்ன தட்டு தட்டுன?

— 'வலியையும் வரமாக்கிவிட்டீர்கள் ஐயா.'

— அடிப்பாவி! அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காம தைலத்தத் தேச்சுக்கிட்டுக் கெடக்காரு.

— அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க! பெருசா எழுதிக் கட்டிலுக்கு மேல ஒட்டி வெச்சிருக்காராம். போட்டோ அனுப்பியிருக்காரு பாருங்க.

— கட்டிலுக்கு மேல ஏறி ஒட்டுனதுலதான் இடுப்பு புடிச்சிருக்கும். அந்தக் குட்டி மேகம்னு எழுதுற பொண்ணு?

— மழையப் பத்தி எழுதியிருக்கா.

— மழையா? குடையத் தொட்டே மாசக்கணக்காச்சேடி!

— அவ மனசுல பெஞ்சிருக்கும், உங்களுக்கென்ன? ஆமா... குட்டி மேகத்த உங்களுக்கெப்படித் தெரியும்?

— நீதான் சோறு போடும்போது சொன்ன.

— சொன்னனா?

— சொன்ன, சொன்ன. அந்த மழைய முழுசாப் படிச்சியா?

— படிக்காம இருப்பேனா? அதாவது... ஒரு பார்வ பாத்தேன். என்னங்க செய்யறது, வந்து குவியுதே! எல்லாத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு இருந்தா அடுப்புல இருக்குறத யாரு பாக்குறது? இந்தப் போன் வேற நல்ல போனுங்க. 'நெ'ன்னு தட்டுனா 'நெஞ்சைத் தொட்டது'ன்னு முழுசா அதுவே கொண்டாந்து வெச்சுடுது. 'க'ன்னா 'கண் கலங்கிவிட்டது'. ரெண்டு தட்டுல வேல முடிஞ்சுது.

— யாரு கண்ணு?

— எந்தக் கண்ணு?

— கலங்குனது. உன்னோடதா, போனோடதா?

— உங்ககிட்டப் போய் சொன்னேன் பாருங்க!

— இல்லடி, தெரிஞ்சுக்கக் கேக்குறேன். நாள் முழுக்கக் கடைல உக்காந்து, வர்றவங்க ஒரு கண்ணப் பொத்தி 'அட்டையப் படிங்க, அடுத்த வரிய படிங்க, இன்னும் கீழ படிங்க'ன்னு உசுர வாங்குறவ நீ. உன் கையில ஒரு பக்கத்தக் குடுத்தா...

— அது கண்ணுக்கு. இது மனசுக்கு. சும்மா இருங்க, குழுவுல இருக்குற பல் டாக்டர் ஏதோ தனியா அனுப்பியிருக்காரு... 'அக்கா, அவசரம்'னு போட்டிருக்காரு.

— பல்லுல என்ன அவசரம்?

— பல்லு இல்லங்க. 'ஆறின டீ எழுதிய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் படித்தீர்களா?'ன்னு கேக்குறாரு.

— ஆறின... டீயா?

— எங்க குழுவுல ஒருத்தருங்க. முக்காவாசிப் பேரு புனைபேர்தானே. இவரு யாரு, என்ன வேலைன்னு ஒண்ணும் தெரியாது. பத்து மாசமா ஒரு நாள் தவறாம எழுதுறாரு. தட்டுறதுலயும் மன்னன். நான் எதப் போட்டாலும் மொத ஆளா வந்து நிப்பாரு, பாவம்.

— எப்படி எழுதுவாரு?

— நல்லா... அருமையா எழுதுவாரு.

— எதப் பத்தி?

— எல்லாத்தப் பத்தியுந்தான்.

— எல்லாம்னா?

— வாழ்க்கையப் பத்திங்க! ஏன் கொடையுறீங்க?

— சும்மா கேட்டேன்... பத்து மாசமாச்சேன்னு. டாக்டர் என்ன சொல்றாரு, மிச்சத்தப் படி.

— 'இன்று நோயாளிகள் யாரும் வராததால் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அது கதை இல்லை அக்கா. மனுஷன் நிஜமாகவே வேலையை விடலாமா என்று நம்மைக் கேட்டிருக்கிறார். நான் அதைப் படிக்காமலே சுவையான நடை என்று போட்டுவிட்டேன். இப்போது கை நடுங்குகிறது.'

— பல்லு புடுங்குறவருக்குக் கை நடுங்கலாமா?

— விளையாடாதீங்க. இருங்க, பாக்குறேன்... ஐயோ, ஆமா, கீழ ஏகப்பட்ட பேர் தட்டியிருக்காங்க.

— என்ன தட்டியிருக்காங்க? சத்தமா.

— வாத்தியாரு, 'ஒற்றுப்பிழை இல்லாத பக்கம், வாழ்க.'

— அவருக்கு ஒற்று முக்கியம். அப்புறம்?

— குட்டி மேகம், 'வரிக்கு வரி மண்வாசனை.'

— வேலைய விடலாமான்னு கேட்டதுலயா?

— தையல் மிஷின்னு ஒரு அம்மா, 'இரண்டாம் பாகம் எப்போது?' இன்னொருத்தர் 'பிறந்தநாள் வாழ்த்துகள்'னு கேக் படம் போட்டிருக்காரு.

— கேக்கா?

— அவரு எல்லாத்துக்கும் கேக்தாங்க போடுவாரு. ஒருத்தர் அப்பா செத்துப்போன அன்னைக்கு எழுதுன பக்கத்துக்கும் கேக்தான். சிரிக்காதீங்க!

— நான் சிரிக்கல. நீ என்ன போட்ட?

— நானா?

— நீதானே அட்மின். அக்கா. அந்தக் குடும்பத்துக்கே மூத்தவ. நீ என்ன போட்டேன்னு கேட்டேன்.

— நானும்... பொதுவா... ஏதோ.

— ஏதோன்னா?

— அது எங்கயோ மேல போயிடுச்சு, தேடணும். இப்ப அதுவாங்க முக்கியம்? அந்த மனுஷன் யாரோ, எவரோ. நெஜமாவே போய் வேலைய விட்டுத் தொலச்சுருந்தா?

— அதெப்படி விடுவாரு? முகம் தெரியாத நாலு பேரு சொன்னா ஒரு ஆளு வேலைய விட்டுடுவானா?

— அதானே! விட மாட்டாரு இல்ல?

— அவருக்கு வீட்டுல கேக்க ஆள் இருந்தா விட்டிருக்க மாட்டாரு.

— என்னங்க பேசுறீங்க, கலியாணமே ஆச்சா இல்லையான்னு தெரியாது...

— அது அந்தப் பக்கத்துல இருக்கும். படி.

— அப்புறமாப் படிச்சுக்கறேன். மொதல்ல டாக்டருக்கு ஒரு பதில்...

— இப்பப் படி. சத்தமா.

— உங்களுக்கெதுக்குங்க அது?

— கடைதான் பெயின்ட்டு, ஆபீஸ்தான் ஏசி. ரெண்டு பேரும் வெட்டியாத்தானே இருக்கோம்? படி, கேப்போம்.

— சரி, சரி... எங்க... ம்ம். 'இன்று ஒரு பெண்மணி போன் செய்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாராம்.' ஐ! லிஃப்ட் கம்பெனிங்க! உங்க ஆளு யாரோ!

— மேல படி.

— உங்க பக்கத்து சீட்டுக்காரரா? அந்த மூக்குப்பொடி? அவருக்கு எழுத வருமா?

— படிம்மா.

— 'எங்கள் மேஜையில் ஓர் அட்டை இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் அதில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், ஆள் கிளம்பிவிட்டார். இதுதான் முதல் வரி. நானும் சொன்னேன். ஆள் கிளம்பவில்லை. இருந்த ஒரே மெக்கானிக் வேறொரு கட்டடத்தில் வேறொரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.' ஹஹ்... ஹஹஹா! இது நல்லா இருக்குங்க!

— ம்ம். சிரி. மேல.

— 'வெகுநேரம் கழித்து அந்தப் பெண்மணி மறுபடி கூப்பிட்டார். குரல் தேய்ந்துபோயிருந்தது. முதலில் என்னைக் கூப்பிடும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். ஆள் கிளம்பிவிட்டார் என்று நான் சொன்னதும் நம்பி, தட்டுவதை நிறுத்திவிட்டாராம். தட்டிக்கொண்டே இருந்திருந்தால் படியில் போகிறவர்கள் யாருக்காவது கேட்டிருக்கும், நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றார். அவர் திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.' ...என்னங்க இது.

— ஏன், நல்லா இல்லையா?

— இல்லங்க... நெஞ்சுல என்னமோ...

— தொட்டுதா?

— குத்தாதீங்க.

— சரி. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. படி.

— 'இனிமேல் அந்த அட்டையை என்னால் வாசிக்க முடியாது. நாளைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இதை நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகை வீடு. மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள். என் கண்ணாடியின் இடது கால் மட்டும்...'

— ஏன் நிறுத்திட்ட? அடுத்த வரிய படி. இன்னும் கீழ.

— உங்க கண்ணாடியக் கழட்டுங்க.

— எதுக்கு?

— கழட்டுங்கன்னா!

— இந்தா. பாத்துப் புடி, காலு கையோட வந்துடும்.

— டேப்பு...

— நீ ஒட்டுனதுதான். 'ஞாயித்துக்கெழம கடைக்கு எடுத்துட்டுப் போய் மாத்திக் கொண்டாறேன்'னு சொல்லி ஒட்டுன. எந்த ஞாயித்துக்கெழமன்னு நானும் கேக்கல.

— நீங்களா?

— நாந்தான்.

— பத்து மாசமா?

— துணி எடுக்கப் போறேன், துணி எடுக்கப் போறேன்னு மொட்டமாடிக்குப் போயி ஒரு மணி நேரம் கழிச்சு வருவேனே... ரெண்டு துண்டு எடுக்கவா ஒரு மணி நேரம்?

— நீங்க யார்கூடவோ போன்ல பேசுறீங்கன்னுல்ல நெனச்சேன்!

— நெனச்சுட்டுச் சும்மா இருந்தியா?

— ஒரு நாள் கேக்கலாம்னுதான் இருந்தேன்... ஏங்க, சொல்லியிருந்தா நானே உங்களச் சேத்துவிட்டிருப்பேனே? எதுக்கு இந்தத் திருட்டு வேஷம்?

— சொன்னேன். மறந்துட்ட. மொத மொத எழுதுன பக்கத்த உன்கிட்டதான் கொண்டாந்து நீட்டுனேன். காய் நறுக்கிக்கிட்டே பாத்துட்டு, 'உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல'ன்ன. ஊருல இருக்குறவன் முழங்கால் வலிக்கெல்லாம் அருமை, அற்புதம்னு அள்ளி விடுற. வீட்டுல இருக்குறவனுக்கு ஒரு 'பரவால்ல' கெடையாது. அதான் நானும் வரிசையில வந்து நின்னேன்.

— நான் சாதாரணமாச் சொன்னதுங்க அது...

— தெரியும். எனக்குத்தான் சாதாரணமா எடுத்துக்க முடியல.

— ...சரி. இப்ப அந்தப் பேச்சு வேண்டாம். மிச்சத்தச் சொல்லுங்க. அந்தப் பக்கம் எப்படி முடியுது?

— நீயே படியேன்.

— எழுத்து தெரிய மாட்டேங்குதுங்க... நீங்களே சொல்லுங்க.

— 'வேண்டாம் என்று இந்தக் குழுவில் ஒரே ஒருவர் சொன்னாலும் போதும். நாளைக்கும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.' அவ்வளவுதான். அதுக்குக் கீழ மூணாவதா வந்து நின்னது நீ.

— நான் என்ன...

— இப்ப ஞாபகம் வரலையா? நான் சொல்லட்டுமா? எனக்கு மனப்பாடம். 'நெஞ்சைத் தொட்டது. தயங்காதீர்கள் தோழரே. உங்கள் முடிவில் நான் துணையிருக்கிறேன்.'

— ஐயோ.

— எல்லாருக்கும் 'நாங்கள் துணையிருக்கிறோம்'னுதான் போடுவ. இதுல மட்டும் 'நான்'னு இருந்துச்சு. அத எத்தன தடவ பாத்தேன் தெரியுமா? கண்ணாடிக் காலையும் எழுதிட்டோம், கடையையும் எழுதிட்டோம், பொண்ணையும் எழுதிட்டோம். இவளுக்குத் தெரியாம இருக்குமா? கண்டுபுடிச்சுட்டா. மூஞ்சிக்கு நேரா சொல்ல இவளுக்கும் கூச்சம், அதான் இப்படிச் சொல்றான்னு நெனச்சேன்டி. அன்னைக்கு ராத்திரி நீ தோசைக்கரண்டியால என் தட்டுல இன்னொண்ணு எடுத்து வெச்ச. அதக்கூட அதுக்குத்தான்னு நெனச்சேன்.

— மாவு மிச்சம் இருந்துச்சுங்க...

— இப்பத் தெரியுது.

— அது 'நாங்கள்'னுதான் அடிச்சேன்... அவசரத்துல பக்கத்துல இருந்தது விழுந்திருக்கும்...

— சரி, விடு. காலைல நீ 'இன்னும் கிளம்பலையா'ன்னு கேட்ட பாரு, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. தெரிஞ்சவ எப்படி அப்படிக் கேப்பா?

— அப்ப... ஏசி?

— ஏசி நல்லாத்தான் ஓடுது. ஜில்லுன்னு.

— குடுத்துட்டீங்களா?

— நேத்து. மேனேஜர் படிச்சுக்கூடப் பாக்கல. 'ஓ, நல்லது'ன்னு வாங்கி வெச்சுக்கிட்டு, ஹெட்போன மட்டும் மறக்காமக் குடுத்துட்டுப் போன்னாரு. அந்தாளயும் உன் குழுவுல சேத்துக்கலாம்.

— திரும்பப் போய்க் கேட்டா?

— என் சீட்டுல மூக்குப்பொடியோட மச்சினன் வந்து உக்காந்தாச்சு. நான் இன்னும் மாடிப்படி எறங்கிக்கூட முடிக்கல, உள்ள 'பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க'ன்னு கேக்குது.

— உங்களுக்கு அறிவில்ல? இருவத்திரண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். பக்கத்து ரூம்ல இருக்கேன். 'ஏண்டி, வேலைய விடட்டுமா'ன்னு ஒரு வார்த்த வாயத் தெறந்து கேக்குறதுக்கு என்ன கேடு? ஊரக் கூட்டித்தான் கேப்பீங்களா?

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?

— வேண்டாம்னு சொல்லியிருப்பேன்!

— அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ராத்திரி முழுக்கப் போனப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு. கேக்தான் வந்துச்சு. அழாத. இப்ப என்ன ஆயிடுச்சு?

— என்ன ஆயிடுச்சா? வாடகைய யாருங்க குடுப்பா? பொண்ணு அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குக் கட்டணும்னு சொல்லியிருக்கா...

— அதெல்லாம் யோசிக்காம விடல நான். கொஞ்ச நாளைக்கு உன் சம்பளத்துல ஓட்டிடலாம். நான் எங்கயாவது வேற தேடிக்கறேன். நீயும் துணையிருக்கேன்னு சொன்ன தைரியத்துலதானே...

— என் சம்பளத்துலயா?

— ஆமா. ஏன், அதுக்கென்ன? என்னடி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— நான் ஏதாவது போட்டா மொத ஆளா வந்து தட்டுவீங்களே... என் பக்கத்தையெல்லாம் படிச்சீங்களா?

— எது?

— என்னோடது. நான் எழுதுறது.

— உன்னோடத நான் எதுக்குத் தனியாப் படிக்கணும்? வீட்டுல விடிஞ்சதுலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

— அப்போ படிக்கல.

— எனக்கும் என் பக்கத்தப் போட மூணு கணக்கு ஆகணும்ல? உன்னோடதுன்னா யோசிக்காமத் தட்டிடலாம், ஒண்ணு கழிஞ்சுது. நீ போட்ட விதிதானே!

— போன மாசம் நான் ஒரு பக்கம் போட்டேன்.

— நீதான் தெனமும் போடுறியே.

— இது வேற. இந்தாங்க, எடுத்து வெச்சிருக்கேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு கீழ மொதல்ல யாரு இருக்காங்கன்னு பாருங்க. சத்தமாப் படிங்க.

— புடிச்சுக்கோ, காலு கழண்டுக்குது... ம்ம்... 'எப்போதும் போல அருமை அக்கா. யோசிக்காதீர்கள், துணிந்து இறங்குங்கள். இப்படிக்கு, ஆறின டீ.' நாந்தான் போட்டிருக்கேன். எதுல எறங்கச் சொன்னேன்?

— மேல இருக்கு. படிங்க. அடுத்த வரிய. இன்னும் கீழ.

— 'கடை வேலையையும் குழுவையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்து வகுப்பு நடத்தலாமா என்று யோசிக்கிறேன். எப்படியும் வீட்டுக்காரரின் சம்பளம்...' ஏய்.

— படிங்க.

— '...வீட்டுக்காரரின் சம்பளம் இருக்கிறது என்ற தைரியம்தான். ஆனாலும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.' ஏய்... இத என்கிட்ட வாயால கேட்டிருக்கலாமேடி?

— ஞாயித்துக்கெழம பொண்ணு வந்ததும், உங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சந்தோஷமாச் சொல்லலாம்னு இருந்தேன்.

— இரு, இரு. நெனச்சதுதானே இது? யோசிக்கிறேன்னுதானே போட்டிருக்க? நீ இன்னும் ஒண்ணும்... கடைக்கு நாளைக்குப் போவல்ல? பெயின்ட்டு காஞ்சதும்...

— கடைல யாரும் பெயின்ட் அடிக்கலங்க.